முந்தின திங்களு கட்டிபிட்தீனி

"கன்னடம்தானே... நம்மாளுங்களுக்கு ஒரு மாசம் போதும்."

2017ல் மைசூருக்கு மாற்றல் என்றதும் ஊரில் எல்லாரும் சொன்ன வசனம் இது. திருநெல்வேலிச் சொந்தங்கள், சென்னை நண்பர்கள், ஏற்கெனவே பெங்களூரில் குடியேறிவிட்ட மச்சான், ஒருத்தர் பாக்கியில்லை. இன்றைக்கு யாராவது தமிழ்நாட்டிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தால் நானும் அந்த வசனத்தைத்தான் சொல்கிறேன், ஆனால் கூடவே ஒரு பின்குறிப்பும் போடுகிறேன். சொற்களுக்கு ஒரு மாசம் போதும். சொற்களின் வாலுக்கு ரெண்டு மூணு வருஷம் ஒதுக்கி வையுங்க.

சொற்கள் சுலபம் என்பது உண்மைதான். தமிழில் 'ப'வில் தொடங்குவது கன்னடத்தில் 'ஹ' ஆகும். பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பணம் ஹண. (பழைய கன்னடத்திலும் 'ப'தான் இருந்தது. பிறகு மாறிவிட்டது.) நம்முடைய 'வ' அங்கே அழுத்தமான 'ப' ஆகும். வா என்பது பா, வேர் என்பது பேரு, வாழை என்பது பாளெ. இந்த ரெண்டு சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டில் பை நிறையக் காய்கறி வாங்கிவிடலாம். பேகு என்றால் வேணும், பேட என்றால் வேணாம். அவ்வளவுதான், குடும்பம் நடத்திவிடலாம்.

ஆனால் வங்கியில் எதிரே உட்கார்ந்து ஒருத்தர் பேசும்போது விஷயமெல்லாம் வாலில்தான் இருக்கிறது. யார் செய்தது, யாருக்காகச் செய்தது, நடந்ததா, இனிமேல் நடக்குமா, கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா... எல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். தலையைக் கேட்டுவிட்டு 'ஆஹா, புரிஞ்சுடுச்சு' என்று நிமிர்ந்தால் போச்சு.

ஒட்டுகிற விதம் என்னவோ நமக்குப் பழகினதுதான். மனெ என்றால் வீடு. மனெகளு வீடுகள், மனெகளல்லி வீடுகளில், மனெகெ வீட்டுக்கு. சரக்கு ரயிலில் பெட்டி பெட்டியாகக் கோர்ப்பது மாதிரி.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் போனில் துருக்கி சீரியல் பார்ப்பாள். ஒருநாள், "அப்பா, இவங்களும் நம்மள மாதிரிதான் ஒட்டுறாங்க" என்றாள். பார்த்தால் உண்மைதான். துருக்கியில் எவ் என்றால் வீடு, எவ்லெர் என்றால் வீடுகள், எவ்லெரிமிஸ் என்றால் எங்கள் வீடுகள், எவ்லெரிமிஸ்தே என்றால் எங்கள் வீடுகளில். கடைசி 'தே'யை எடுத்துவிட்டு 'தென்' போட்டால் எங்கள் வீடுகளிலிருந்து. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை. நம்மைப் போலவே வினைச்சொல்லும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது.

இந்த ஒற்றுமை எங்க ஊர்ப்பக்கம் இருந்த ஒருத்தருக்கு நூற்றி எழுபது வருஷத்துக்கு முன்பே தட்டுப்பட்டிருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், நம் மொழிகளைத் துருக்கி போன்ற மொழிகளோடு சேர்த்து 'சித்திய' மொழிகள் என்ற பெரிய குடும்பத்தில் வைக்கப் பார்த்தார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்றுக்கொள்வதில்லை. சொந்தம் இல்லாமலேயே ஒரே மாதிரி வீடு கட்டிக்கொண்டவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று அவர் காட்டியதோ அசையாமல் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே குடும்பம் என்பதுதான் இங்கே சிக்கலே. துருக்கி என்றால் எதுவும் தெரியாது என்று ஜாக்கிரதையாக இருப்போம். கன்னடம் காதில் விழுந்தால் நம் காது தானாகவே அதைத் தமிழாக்கிக் கொண்டுவிடும்.

முதல் உதாரணம், 'இந்த' என்ற விகுதி. தமிழில் 'ஆல்' ஒரு வேலை, 'இலிருந்து' வேறு வேலை. கன்னடத்தில் ரெண்டுக்கும் ஒரே வால்தான். "மகனிந்த துட்டு பந்து" என்றால் மகனிடமிருந்து பணம் வந்தது. "மகனிந்த சால ஆய்து" என்றால் மகனால் கடன் ஆயிற்று. (சால என்றால் கடன்.) பி.காம் படித்தவர்களுக்குப் பேரேட்டில் 'டூ', 'பை' என்று எழுதின காலம் ஞாபகம் இருக்கும். 'கெ' என்பது டூ, 'இந்த' என்பது பை என்று நான் மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பை என்று போட்டபிறகு வரவா, காரணமா என்று அடுத்து வரும் வினைச்சொல்தான் சொல்லும். அதுவரை பேனாவை எடுக்கக் கூடாது.

அடுத்தது இரட்டை வினைகள். ஒரு வினையின் முதுகில் இன்னொரு வினை ஏறிக்கொண்டு அர்த்தத்தைத் திருப்புவது. நாம் செய்துவிடு, செய்துகொள், செய்துகொடு, செய்து பார் என்கிறோம். கன்னடத்தில் மாடிபிடு, மாடிகொள்ளு, மாடிகொடு, மாடி நோடு. அப்படியே அச்சு.

கவுன்ட்டரில் தினமும் கேட்பது இது. "சலான் பர்கொடி சார்" என்றால் சலானை எழுதிக் கொடுங்க. "நம்பர் பர்கொள்ளி" என்றால் நம்பரை நீங்க எழுதிக்கோங்க. (பரெ என்பது நம்ம 'வரை'தான்.) பேச்சில் நடுவே உள்ளதையெல்லாம் விழுங்கிவிடுவதால் 'டி'க்கும் 'ள்ளி'க்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு அஜ்ஜி 'பர்கொடி' என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது, 'ஓ, எழுதிக்கிறாங்களாம்' என்று நாம் பேனாவை நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? நமக்கு ஒரு எழுத்து, அவருக்கு மரியாதை.

பாஸ்புக் தொலைந்தால் சிலர் "கள்தோய்த்து" என்பார்கள். களெது ஹோய்த்து, தொலைஞ்சு போச்சு. சிலர் "கள்கொண்டெ" என்பார்கள். தொலைச்சுட்டேன். (கள் கொண்டுவந்ததாக யாரும் பதற வேண்டாம்.) 'போ' சேர்ந்தால் அது தானாக நடந்தது. 'கொள்' சேர்ந்தால் பொறுப்பு நம்முடையது. புது பாஸ்புக்குக்குக் கட்டணம் ரெண்டு பேருக்கும் ஒன்றேதான், ஆனால் ஆள் யார் என்று அந்த வாலிலேயே கொஞ்சம் தெரிந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'இசு' என்ற விகுதி. செய்வது மாடு, செய்விப்பது மாடிசு. நம்ம ஊரில் கொத்தனாரும் வீடு கட்டுகிறார், வீட்டுக்காரரும் "வீடு கட்டிட்டிருக்கேன்" என்கிறார். இங்கே கொத்தனார் சொல்வது "கட்தா இத்தீனி". வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர் சொல்வது "கட்டிஸ்தா இத்தீனி", அதாவது கட்டுவித்துக்கொண்டிருக்கிறேன். கல்விக் கடனுக்கு வரும் அப்பாக்கள் "மகளன்ன ஓதிஸ்பேகு" என்பார்கள். மகளைப் படிக்க வைக்கணும். ஓது என்ற சொல்லுக்குள் ஒரு 'இஸ்' நுழைந்ததும் ஒரு தகப்பன் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

இனி கொஞ்சம் வில்லங்கமான இடம். எதிர்மறை.

கந்து என்றால் தவணை. (கந்துவட்டி ஞாபகம் வந்தால் நீங்க நம்மூர்க்காரர்.) கந்து கட்டாதவர் வாயிலிருந்து இந்த நாலில் ஒன்று வரும்.

கட்டில்ல - இன்னும் கட்டவில்லை.
கட்லில்ல - அப்போது கட்டவில்லை.
கட்டல்ல - கட்ட மாட்டேன்.
கட்டக்காகல்ல - கட்ட முடியாது.

இப்போது மூன்றாவதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்க. கட்டல்ல. நம்ம ஊர் 'கட்டலை' மாதிரியே இல்லை? ஆனால் 'கட்டலை' நடக்காததைச் சொல்கிறது. 'கட்டல்ல' இனி நடக்கப்போவதில்லை என்பதைச் சொல்கிறது. எழுத்தில் அது 'கட்டுவுதில்ல', பேச்சில் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு இந்த வாலில் ஆள் அடையாளமும் கிடையாது. நம்மிடம் மாட்டேன், மாட்டான், மாட்டாள், மாட்டார்கள் என்று தனித்தனியாக உண்டு. இங்கே நானு, அவனு, அவளு, அவரு எல்லாருக்கும் ஒரே 'கட்டல்ல'தான். யார் கட்டமாட்டார் என்பதற்கு வாக்கியத்தின் தலைக்குத் திரும்பிப் போகவேண்டும்.

கட்ட மாட்டேன், கட்ட முடியாது இரண்டும் வங்கிக்காரனுக்கு வேறு வேறு உலகம். ரிசர்வ் வங்கி 'வேண்டுமென்றே கட்டாதவர்' என்று வகைப்படுத்தும்போது முதலில் பார்ப்பதே வசதி இருந்தும் கட்டாமல் இருக்கிறாரா என்பதைத்தான். அந்த விதி 25 லட்சம் ரூபாய் முதலான பெரிய கடன்களுக்கு. ஒன்றரை லட்சம் பயிர்க்கடன் வாங்கின விவசாயியிடம் அது வராது. ஆனால் அவரைப் பற்றி அதிகாரி மனசில் விழும் முத்திரை வந்துவிடும், இல்லையா? 'ஆகல்ல' என்ற சொல் காதில் விழாமல் போனால் இல்லாதவன் ஏமாற்றுக்காரன் ஆகிவிடுவான்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. தலைப்பைப் பார்த்தீர்களா? முழு வாக்கியம் இது.

"ஈ திங்களு கட்டல்ல சார், முந்தின திங்களு கட்டிபிட்தீனி."

தமிழ்க் காதுக்கு இது எப்படி விழும்? 'இந்த மாசம் கட்டலை சார், முந்தின மாசம் கட்டிட்டேன்.' ரொம்பத் தெளிவாக, சந்தேகமே இல்லாமல் விழும். கணக்கைத் திறந்து பார்த்தால் போன மாசமும் கட்டியிருக்க மாட்டார். பொய் சொல்கிறாரே என்று கோபம் வரும்.

அவர் சொன்னது: 'இந்த மாசம் கட்ட மாட்டேன் சார், அடுத்த மாசம் கட்டிடுறேன்.'

கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்த. ஹிந்தின என்றால் போன. ஹிந்தின என்பது நம்ம 'பிந்தின'தான், அந்த ப-ஹ சூத்திரத்தில் பாருங்க. நமக்குப் பிந்தினது இனி வரப்போவது, அவர்களுக்குக் கடந்துபோனது. நம் கணக்கில் முன்னோர் முன்னால் போய்விட்டார்கள், நாம் பின்னால் வருகிறோம். அவர்கள் கணக்கில் வரப்போகும் நாள் முகத்துக்கு முன்னால் நிற்கிறது, போன நாள் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது. ரெண்டுமே நியாயம்தான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் காலத்தின் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நிற்கிறோம்!

அப்போதும் காப்பாற்றுவது வால்தான். 'தீனி' என்று முடிந்தால் அது நடந்து முடிந்த காரியம் கிடையாது. கட்டிவிட்டிருந்தால் 'கட்பிட்டெ' என்றிருப்பார். அந்த 'பிடு' வேறு சேர்ந்திருக்கிறது. வெறும் 'கட்தீனி'யைவிட 'கட்டிபிட்தீனி'யில் ஒரு உறுதி இருக்கிறது, நம்ம 'கட்டிடுறேன்' மாதிரி. 'கட்டோண' என்று இழுத்தால் அது 'பார்க்கலாம்' ரகம். மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் வசூலுக்கு எந்த வீட்டுக்குப் போகணும், எந்த வீட்டுக்கு ஒரு மாசம் போகாமல் இருக்கணும் என்று தெரிந்துவிடும்.

வால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரும் வினையும் ஜோடி சேரும்போதும் இதே கதைதான். நாம் சிகரெட் 'குடிக்கிறோம்'. துருக்கிக்காரர்களும் குடிக்கிறார்கள், இச்மெக் என்றால் குடிப்பது. கன்னடத்தில் 'சேது', இழுப்பது. நாம் கடன் வாங்குவோம். இங்கே 'சால மாடு' என்பார்கள், கடன் பண்ணுவது. ஊட்ட கூட 'மாடு'வதுதான். வாக்குக் கொடுப்பது நம்மிடம் கொடுப்பது, இங்கே 'மாத்து கொடு', துருக்கியில் 'சோஸ் வெர்', எல்லாமே கொடுப்பது. மூன்று ஊரிலும் சொல் என்பது கொடுக்கிற பொருளாக இருப்பதைப் பார்த்தால் ஒரு சந்தோஷம்.

ஆனால் 'கை கொடு' மட்டும் ஜாக்கிரதை.

2023ல் கர்நாடகத்தில் கடும் வறட்சி. 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்போது நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பயிர்க்கடனைத் திருத்தியமைக்கலாம். 50 சதவீதம் வரை சேதம் என்றால் இரண்டு வருஷம் வரை, அதற்கு மேல் என்றால் ஐந்து வருஷம் வரை அவகாசம். கிளையில் விண்ணப்பங்கள் குவிந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் ஊர் ஊராகப் போய் விசாரித்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். நல்ல உழைப்பாளி. ஒரு குறிப்பில் மட்டும் 'மழை உதவியது, சேதம் இல்லை' என்று இருந்தது.

அதே ஊரில், பக்கத்து நிலங்களுக்கெல்லாம் சேதம். இவருக்கு மட்டும் எப்படி மழை? தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவரே சொன்னார் சார். மழை கை கொடுத்துச்சுன்னு."

"அவர் வாயால என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்க?"

"மளெ கை கொட்து சார்..."

கன்னடத்தில் கை கொடுப்பது என்றால் கைவிடுவது, காலை வாருவது. மழை பொய்த்தால் பேப்பரில் 'கைகொட்ட மளெ' என்றுதான் தலைப்பே போடுவார்கள். உதவியிருந்தால் 'கை ஹிடிது' என்றிருப்பார். கையைப் பிடித்தது. அந்த மனிதர் பாவம், மழை என்னை ஏமாத்திடுச்சு என்று சொல்லியிருக்கிறார். நம் காது அதை ஏழு கோடித் தமிழரும் எடுத்துக்கொள்கிற மாதிரியே எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பார்த்தும் தெரிந்திருக்காது. தம்பி போனது ஜனவரியில், காய்ந்த சோளத்தட்டையை மாட்டுக்குப் போட்டுவிட்டு நிலத்தை உழுதுவிட்டிருந்தார். மிச்சமிருந்தது அவருடைய பேச்சு மட்டும்தான்.

மறுநாள் ரெண்டு பேரும் போனோம். வருவாய்த் துறையின் பயிர்ச்சேதக் கணக்கையும் பார்த்தோம். சேதம் பாதிக்கு மேல். குறிப்பு மாறியது, கடன் திருத்தியமைக்கப்பட்டது. பெரியவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "ஏன் சார் மத்தெ பந்த்ரி?" (ஏன் சார் திரும்பவும் வந்தீங்க) என்று கேட்டுவிட்டு மோர் கொடுத்தார். தம்பிதான் வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் பேசவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்ட ஒவ்வொரு சொல்லும் சரிதான். ஜோடிதான் வேறு.

கடைசியாக ஒரு வால். 'அந்தெ'. நம்ம 'ஆம்'. வருவாராம் என்பதற்கு பர்தாரந்தெ. துருக்கியிலும் இப்படி ஒன்று உண்டு. கெல்தி என்றால் வந்தான், கெல்மிஷ் என்றால் வந்தானாம். பார்த்ததற்கு ஒரு விகுதி, கேள்விப்பட்டதற்கு ஒரு விகுதி. ஆங்கிலத்தில் இதற்குத் தனி வாக்கியமே போடவேண்டும்.

2018ல் இங்கே பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்த சமயம் கிளைக்கு வந்த பாதிப் பேர் வாயில் இருந்தது "சால மன்னா ஆகுத்தந்தெ" என்பதுதான். கடன் தள்ளுபடி ஆகுமாம். அவர்கள் யாரும் 'ஆகுத்தெ' என்று அடித்துச் சொல்லவில்லை. மொழி அவ்வளவு நேர்மையாக 'இது காதில் விழுந்த செய்தி' என்று முத்திரை குத்தித்தான் கொடுத்தது. எந்தக் கடனுக்கு, எந்தத் தேதிவரை, எவ்வளவு என்று அப்போதே உட்கார்ந்து சொன்னவர்களுக்குப் பிறகு மனத்தாங்கல் வரவில்லை. 'அந்தெ'யோடு திரும்பி வீட்டுக்குப் போனவர்கள்தான் தவணையை நிறுத்திவிட்டு வட்டி ஏறி அவதிப்பட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ரொம்பச் சாதாரணம். சொற்பட்டியல் மனப்பாடம் செய்யாதீர்கள், அது தானாக வரும். ஒரு சின்ன நோட்டுப் போட்டு இடதுபக்கம் அவர்கள் சொன்னதை வாலோடு அப்படியே எழுதுங்கள். வலதுபக்கம் தமிழில் எழுதிவிட்டு, அதை அவர்களிடமே கன்னடத்தில் திருப்பிக் கேளுங்கள். "முந்தின திங்களு அந்த்ரெ, பர்தா இரோ திங்களா?" (முந்தின மாசம்னா, வரப்போற மாசமா?) யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் பாசமாகத்தான் சிரிப்பார்கள், இந்த ஊர் அப்படி. முறையாகப் படிக்க ஆசை என்றால் 1969ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இதே ஊரில் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. மொழி சொல்லிக்கொடுப்பதற்கென்றே தென்மண்டல மையம் ஒன்றும் நடத்துகிறார்கள்.

இந்த மாசக் கடைசியில் அந்த தஞ்சாவூர்த் தம்பிக்கு வேறு கிளைக்கு மாற்றல். ஹுணசூர்ப் பக்கம், புகையிலை விவசாயிகள் நிறைய உள்ள ஊர். நேற்று அவர் கவுன்ட்டரில் ஒரு அஜ்ஜியிடம் பேசிக்கொண்டிருந்தார். அஜ்ஜி வேகமாக எதையோ சொல்லி முடித்தார். தம்பி உடனே தலையாட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டல்லவா, கட்டக்காகல்லவா அஜ்ஜி?" என்று கேட்டார்.

"ஆகல்ல கணப்பா," என்றார் அஜ்ஜி. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.